மோட்டார் வண்டிக்குள் ஒரு வானொலி நிலையம்

நெடுந்தூரப் பயணத்துக்குப் பாட்டு ஒரு நல்ல துணை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ மோட்டார் வண்டியிற் புறப்படும் குடும்பத்தினர், கட்டுச்சோற்றையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துவைப்பது போலவே, வழியிற் கேட்பதற்கான பாட்டுக்களையும் முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்கின்றனர். அம்மப்பாவுக்குப் பிடித்த நாதஸ்வரம், அம்மாவுக்குப் பிடித்த பழைய திரையிசை, பிள்ளைகளுக்குப் பிடித்த புதுப் பாடல்கள் ஆகிய யாவும் இக்காலத்தில் ஒரு கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் வண்டியோ பழையது. அதிலுள்ள வானொலிப் பெட்டி ஒலிபரப்பு நிலையங்களின் குரலை அறியுமேயன்றிக் கைத்தொலைபேசியின் குரலை அறியாது. கம்பியைச் செருகுவதற்கு ஒரு துளையேனும் அதில் இல்லை. தொலைபேசியைத் தனியே பாடவிட்டாலோ அதன் மெல்லிய ஒலி இயந்திர இரைச்சலில் அமிழ்ந்துபோகின்றது. பெட்டியைக் கழற்றிப் புதியது பொருத்துவதென்றால் அதற்குச் செலவு உண்டு. இந்த இக்கட்டைத் தீர்ப்பதற்கென ஒரு சிறு கருவி கடைகளில் விற்கப்படுகின்றது. கடைக்காரர் அதனை ‘எப்.எம். ட்ரான்ஸ்மிற்றர்’ என்பர். நாம் அதனை ஒலிபரப்பி என்று அழைப்போம்.

அக்கருவியின் உபாயம் மிக எளியது. வானொலிப் பெட்டிக்கு நிலையங்களின் மொழி மட்டுமே தெரியுமாயின், நாமே ஒரு நிலையமாகிவிட்டால் என்ன? வண்டியில் சிகரெட் பற்றவைப்பதற்கென அமைந்த குழியிலே செருகப்பட்டதும், அக்கருவி உண்மையாகவே ஒரு வானொலி நிலையமாகிவிடுகின்றது. அதன் நேயர்கள் வண்டிக்குள் இருக்கும் நால்வரோ ஐவரோதான். அது எங்ஙனம் இயங்குகின்றது, ஏன் சில வேளைகளில் கரகரக்கின்றது, அதனை ஆள்வோர் அறிந்திருக்கவேண்டிய கடமை யாது என்பனவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

பழைய உபாயம்

சிறிய அலைக்கருவி ஒன்றைக் கொண்டு இசைத்தட்டைப் பரப்பும் எண்ணம் புதியதன்று. நமது நாட்டின் வானொலி வரலாறே அவ்வாறுதான் தொடங்கிற்று. 1923ஆம் ஆண்டிலே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து, தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் கிராமபோன் இசையைப் பரப்பிப் பார்த்தனர். அதற்கு அவர்கள் கையாண்ட கருவி, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு அமைக்கப்பட்டதாகும். அந்தப் பரிசோதனையின் பின்னரே, 1925 டிசம்பர் 16ஆம் திகதி, கொழும்பு வானொலி முறையாகத் தன் பணியைத் தொடங்கியது.

அமெரிக்காவிலோ 1930களின் இறுதியில் கம்பியில்லா இசைத்தட்டுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இசைத்தட்டு ஓர் அறையிற் சுழலும். அதன் பாட்டு மற்றோர் அறையிலுள்ள வானொலியிற் கேட்கும். இரண்டுக்கும் இடையே கம்பி கிடையாது. இத்தகைய மிகச் சிறு வலுவுடைய கருவிகள் உரிமப்பத்திரம் இன்றியே இயங்கலாமென அந்நாட்டு மத்திய தொடர்பு ஆணைக்குழு 1938ஆம் ஆண்டில் விதி வகுத்தது. இன்று நம் வண்டிக் குழியிற் செருகப்படும் ஒலிபரப்பிக்கு அப்பெட்டியையே முன்னோர் எனலாம்.

மோட்டார் வண்டிகளுக்குள் இசை புகுந்த கதையும் சுவையானது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கல்வின் கொம்பனி ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் வண்டி வானொலியை விற்கத் தொடங்கியது. வானொலி நிலையம் தருவதை மட்டும் கேட்டுக்கொண்டிராமல், தாம் விரும்பியதையே கேட்கவேண்டும் என்ற ஆவல் மக்களுக்குப் பின்னர் எழுந்தது. 1955ஆம் ஆண்டில் கிறைஸ்லர் கொம்பனி, நிமிடத்துக்குப் பதினாறு தடவையும் அதற்குச் சற்று மேலுமாகச் சுழலும் சிறிய இசைத்தட்டுப் பெட்டியை வண்டிக்குள்ளேயே பொருத்திப் பார்த்தது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1963இல் பிலிப்ஸ் கொம்பனியின் ஒலிநாடாப் பேழை வந்தது. 1982இல் ஒளியாற் படிக்கப்படும் இறுவட்டு வந்தது. 2001இல் ஆயிரம் பாட்டுக்களைச் சட்டைப்பையில் அடக்கும் ஐபொட் வந்தது.

இவ்வரிசையிலே ஓர் உண்மையைக் காணலாம். இசையைத் தாங்கிவரும் பொருள் மாறும்போதெல்லாம், வண்டியிற் பொருத்தப்பட்டிருந்த பெட்டி பழையதாகிவிட்டது. ஒலிநாடாவுக்கென அமைந்த வாயில் இறுவட்டு நுழையாது. இறுவட்டுக்கென அமைந்த வாயில் ஐபொட் நுழையாது. ஆனால் எல்லாப் பெட்டியிலும் வானொலி மட்டும் மாறாது இருந்தது. ஆகவேதான் எந்தப் புதுக் கருவியையும் எந்தப் பழைய வண்டியோடும் பேசவைக்கும் பொதுமொழியாக வானொலி அலை அமைந்துவிட்டது.

ஒரு மேதையின் கொடை

அந்தப் பொதுமொழியை ஆக்கித் தந்தவர் எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1923ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மணம்புரிந்தபோது, தம் மனைவி மரியனுக்கு மணப்பரிசாகக் கையில் தூக்கிச்செல்லத்தக்க வானொலிப் பெட்டி ஒன்றைத் தாமே செய்து கொடுத்தார். மணமக்கள் மோட்டார் வண்டியில் புளோரிடாவுக்குச் சென்றபோது அப்பெட்டியும் உடன் சென்றது. கடற்கரையில் அவ்விருவரும் அப்பெட்டியருகே அமர்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் உள்ளது. பயணத்தின்போது இசையை எடுத்துச்செல்லும் ஆசைக்கு அதனினும் அழகிய சான்று வேறு வேண்டியதில்லை.

அக்காலத்து வானொலியின் பெருங்குறை இரைச்சல். இடி மின்னலும் இயந்திரங்களின் மின்பொறியும் பாட்டுடன் கலந்து செவியைத் துளைத்தன. ஆம்ஸ்ட்ரோங் அவ்விரைச்சலை வெல்வதற்குப் பல்லாண்டு உழைத்து, 1933 டிசம்பர் 26ஆம் திகதி எப்.எம். முறைக்கான காப்புரிமையைப் பெற்றார். 1935 நவம்பரில் நியூயோர்க்கிலே பொறியியலாளர்களின் முன்னிலையில் அதனைச் செய்து காட்டினார். அயலூரிலிருந்து பரப்பப்பட்ட ஒலிகளுள் ஒன்று, குவளையிலே நீர் ஊற்றும் ஓசை. அது நீரோசையாகவே கேட்டது. பழைய முறை வானொலியில் அத்தகைய நுண்ணோசை இரைச்சலுக்குள் மறைந்துபோயிருக்கும்.

ஆயினும் அவருடைய வாழ்வு இன்பமாக முடியவில்லை. பெருங் கொம்பனிகள் அவர் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தியும் உரிமைப் பணம் கொடுக்க மறுத்தன. 1945ஆம் ஆண்டில் அரசாங்க ஆணைக்குழு எப்.எம். ஒலிபரப்பை வேறோர் அலைவரிசைக்கு மாற்றியபோது, மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் பயனற்றுப்போயின. வழக்குகளிலே பொருளையும் உடல்நலத்தையும் இழந்த அவர், 1954ஆம் ஆண்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் மனந்தளராமல் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தினார். இறுதி வழக்கும் 1967இல் அவர் பக்கமே தீர்ந்தது. வண்டியிலே இரைச்சலின்றிப் பாட்டுக் கேட்கும்போது, அவ்விருவரையும் நாம் நன்றியுடன் நினைக்கலாம்.

அலை பாட்டைச் சுமக்கும் விதம்

மாணவர்களுக்காக இதனைச் சற்று விளக்குவோம். வானொலி அலை என்பது மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அதிர்ந்துகொண்டே பரவும் அலையாகும். ஒரு விநாடியில் எத்தனை தடவை அதிர்கின்றதோ அதனை மீடிறன் என்பர். இவ்வலைகளை 1880களின் பிற்பகுதியில் பரிசோதனையாற் காட்டிய ஹேட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானியின் பெயரே மீடிறனின் அலகுக்கு இடப்பட்டுள்ளது. விநாடிக்குப் பத்து இலட்சம் அதிர்வு ஒரு மெகாஹேட்ஸ். வானொலிப் பெட்டியில் 100 என்று காட்டும் இடத்திலே விநாடிக்குப் பத்துக் கோடி அதிர்வுகள் நிகழ்கின்றன.

இவ்வளவு விரைவான அதிர்வு நம் செவிக்குக் கேட்காது. அஃது ஒரு வாகனம். பாட்டை அதன்மீது ஏற்றி அனுப்பவேண்டும். ஏற்றுவதற்கு இரு வழிகள் உண்டு. அலையின் உயரத்தை, அதாவது வீச்சத்தை, பாட்டுக்கேற்பக் கூட்டிக் குறைப்பது பழைய முறை. மத்திய அலை ஒலிபரப்புக்கள் அம்முறையைப் பின்பற்றுவன. அலையின் உயரத்தை மாற்றாமல், அதன் விரைவை மட்டும் பாட்டுக்கேற்பச் சற்றே கூட்டிக் குறைப்பது ஆம்ஸ்ட்ரோங்கின் முறை. 100 மெகாஹேட்ஸ் நிலையத்தின் அலை, ஒலி மிகப் பலக்கும்போது அந்த எண்ணுக்கு மேலும் கீழுமாக 75,000 அதிர்வு வரை விலகி ஊசலாடும். மெல்லிய ஒலிக்குச் சிறு விலகல். உரத்த ஒலிக்குப் பெரு விலகல். விநாடிக்கு 440 தடவை அதிரும் சுரம் ஒன்று ஒலித்தால், இந்த ஊசலாட்டமும் விநாடிக்கு 440 தடவை நிகழும்.

இதனால் விளையும் நன்மை யாது? மின்னலும் மின்பொறியும் பெரும்பாலும் அலையின் உயரத்தையே குலைக்கின்றன. எப்.எம். பெட்டியோ உயரத்தைக் கவனிப்பதில்லை. அலையின் உச்சிகளை ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டு, விரைவின் மாற்றத்தை மட்டும் பாட்டாக மாற்றுகின்றது. இயந்திரத்திலே ஓயாது மின்பொறி பறக்கும் மோட்டார் வண்டிக்கு இதனினும் பொருத்தமான முறை வேறில்லை.

இக்காலத்து ஒலிபரப்பிகள் பலவற்றில் பாட்டு இரண்டு முறை அலையேறுகின்றது. கைத்தொலைபேசி முதலில் புளூடூத் என்னும் முறையால், ஏறத்தாழ 2,400 மெகாஹேட்ஸ் அளவான அலையிலே பாட்டைக் கருவிக்கு அனுப்பும். கருவி அதனைப் பெற்று, எப்.எம். அலையாக மாற்றித் திரும்பவும் பரப்பும். அவ்வலை வண்டியின் ஏரியலை அடைந்து, வானொலிப் பெட்டிக்குள் சென்று, ஒலிபெருக்கியிற் பாட்டாக வெளிவரும். முன்னாசனத்திலிருக்கும் தொலைபேசியிலிருந்து கதவிலுள்ள ஒலிபெருக்கிக்கு வருவதற்குள் பாட்டு இத்தனை வடிவம் எடுக்கின்றது.

எறும்பும் யானையும்

இனி, பலரும் முறையிடும் குறையைப் பார்ப்போம். “வாங்கிய அன்று நன்றாகப் பாடிற்று, பயணம் போகும்போது இடையிடையே கரகரக்கிறது, வேறு யாரோ புகுந்து பேசுகிறார்கள்” என்பதே அம்முறைப்பாடு. கருவி பழுது என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் பழுது கருவியில் இல்லை. அது நின்று பாடும் இடத்திலேயே உள்ளது.

பிரித்தானியாவில் இத்தகைய கருவிக்கு அனுமதிக்கப்பட்ட வலு 50 நனோவாற்று. ஒரு வாற்று வலுவை இரண்டு கோடிப் பங்காகப் பிரித்தால், அவற்றுள் ஒரு பங்கே இஃது. ஐயாயிரம் வாற்று வலுவுடன் பரப்பும் ஒலிபரப்பு நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நிலையம் நமது கருவியைப்போலப் பத்தாயிரம் கோடி மடங்கு வலியது. எறும்பையும் யானையையும் ஒப்பிடுவதுகூட இதற்குப் போதாது.

அலை செல்லச்செல்ல அதன் செறிவு குறையும். தூரம் இரு மடங்கானால் அலைப்புலம் பாதியாகும். வலுவோ புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைவது. ஆகவே பத்தாயிரம் கோடியின் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 3,16,000 மடங்கு தூரத்திலே இரு புலங்களும் சமமாகும். அஃதாவது, இடையில் மலையோ பூமியின் வளைவோ குறுக்கிடாதிருந்தால், நமது கருவியின் அலை ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு வலியதோ, அவ்வளவே வலியதாக அந்நிலையத்தின் அலை 316 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

எப்.எம். பெட்டிக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரே மீடிறனில் இரு அலைகள் வந்து சேருமாயின், வலியதைப் பற்றிக்கொண்டு மெலியதை அறவே கைவிட்டுவிடும். இரண்டும் ஏறத்தாழச் சமமாயின் மாறிமாறித் தாவும். வண்டி ஓடும்போது நேர்வது இதுவே. அருகில் நிலையம் இல்லாத ஊரிலே நமது கருவி தனியரசு நடத்துகின்றது. வண்டி மற்றோர் ஊரை அணுகி, அதே எண்ணில் பரப்பும் நிலையத்தின் எல்லைக்குட் புகுந்ததும், அந்நிலையம் ஆட்சியைக் கைப்பற்றிவிடுகின்றது. இடைப்பட்ட எல்லையிலேதான் கரகரப்பு.

இங்கே பூமியின் வளைவு நமக்கு உதவி செய்கின்றது. எப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. அடிவானத்துக்கு அப்பாலும் மலைகளுக்குப் பின்னாலும் அவை நலிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் சில இடங்கள் வெறுமையாய்க் கிடக்கும். அவ்வெறுமையைத் தேடிப் பிடிப்பதே இக்கருவியைக் கையாளும் கலையாகும். வலுவைக் கூட்டுவதால் வெல்லலாம் என்று எண்ணுவது வீண்.

தேடும் முறை இது: முதலில் ஒலிபரப்பியைச் செருகாமல் வானொலியை மட்டும் திறந்து, எண்களை ஒவ்வொன்றாக நகர்த்துக. பேச்சும் பாட்டுமின்றி ஒரே சீரான இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைக் கண்டால், அதற்கு இருமருங்கும் 0.2 மெகாஹேட்ஸ் தள்ளிப் பார்க்க. அங்கும் நிலையம் இல்லையாயின் அதுவே நல்ல இடம். பின்னர் ஒலிபரப்பியை அதே எண்ணுக்கு அமைக்க. தொலைபேசியின் ஒலியளவை உச்சத்தில் வையாது முக்காற்பங்களவில் வைத்து, மீதியை வண்டிப் பெட்டியிற் கூட்டிக்கொள்க. தொலைபேசியை உச்சத்தில் வைத்தால் அலையின் ஊசலாட்டம் அளவு மீறிப் பாட்டு உடைந்து கேட்கும். நீண்ட பயணத்துக்கு இரண்டு மூன்று வெற்றிடங்களை முன்னரே குறித்து வைத்துக்கொள்வது நலம்.

ஏரியல் வண்டியின் பின்புறக் கூரையிலா, பின்கண்ணாடியிலா, முன்புறத்திலா உள்ளது என்பதையும் பார்க்கவேண்டும். வண்டியின் இரும்புடல் அலையை மறைக்கும் திரையாகும். கருவி உள்ளே, ஏரியல் வெளியே; இரண்டுக்கும் இடையே கண்ணாடி வழியே மட்டும் அலை செல்கின்றது. பின்னாசனத்தருகில் வேறு குழி இருந்தால் அங்கு செருகிப் பார்க்கையில் ஒலி தெளிவடைவதும் உண்டு.

ஜப்பான் வண்டி உடையோருக்கு

நமது நாட்டிலே ஓடும் வண்டிகளுட் பல, ஜப்பானிற் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியானவை. அவற்றை வாங்கியோர் ஒரு புதிரைக் காண்பர். வானொலி திறக்கும், ஆனால் அறிந்த நிலையங்களுட் பல அதில் அகப்படா. இதற்குக் காரணம் பழுதன்று. இலங்கை உட்பட உலகின் பெரும்பகுதியில் எப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை நடைபெறுகின்றது. ஜப்பானிலோ நெடுங்காலமாக 76 முதல் 90 வரையே அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சி எண்முறைக்கு மாறியதன் பின்னர், 2014ஆம் ஆண்டு முதலே 90க்கு மேல் 95 வரையிலும் அங்கு ஒலிபரப்புத் தொடங்கியது.

ஆகவே பழைய ஜப்பான் வண்டியின் பெட்டிக்கும், 87.5 முதல் 108 வரை பரப்பும் ஒலிபரப்பிக்கும் பொதுவான இடம் 87.5 முதல் 90 வரையான சிறு துண்டு மட்டுமே. அதற்குள்ளேயே வெற்றிடம் தேடவேண்டும். சில வண்டிகளில் ஏரியலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு மாற்றுக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். அது வரும் அலைகள் யாவற்றையும் ஒரே அளவாற் கீழிறக்கிப் பெட்டிக்குக் கொடுக்கும். அது 15 மெகாஹேட்ஸ் இறக்குமாயின், 100இல் பரப்பும் நிலையம் பெட்டியில் 85இல் கேட்கும். ஒலிபரப்பியின் அலையும் அதே ஏரியல் வழியே வருவதால், அதுவும் அவ்வாறே இறங்கும். அத்தகைய வண்டியில் ஒலிபரப்பியை 88இல் வைத்தால் அஃது 73 ஆகிப் பெட்டியின் எல்லைக்கு வெளியே போய்விடும். 91 முதல் 105 வரையிலேயே வைக்கவேண்டும். இச்சிறு கழித்தற் கணக்கை அறியாமையால் நல்ல கருவியைக் கடையிலே திருப்பிக் கொடுப்போர் உளர்.

காற்று யாருடைய சொத்து?

இவ்வளவு சிறிய கருவிக்குச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். பிரித்தானியாவிலே 2006 டிசம்பர் 8ஆம் திகதி வரை இதனை இயக்குவது சட்டவிரோதமாக இருந்தது. வானொலி நிலையம் நடத்துவோர் யாவரும் உரிமப்பத்திரம் பெறவேண்டும் என்பது 1949ஆம் ஆண்டுச் சட்டம்; வண்டிக்குள் ஐபொட் பாட்டைப் பரப்பியவரும் அச்சட்டத்தின் கண்ணுக்கு ஒரு நிலையத்தாரே. கருவிகள் கடைகளுக்கு வந்து, மக்கள் அவற்றை விரும்பத் தொடங்கிய பின்னர், ஒழுங்குபடுத்தும் அதிகார சபை 50 நனோவாற்று என்ற எல்லையை வகுத்து அனுமதி அளித்தது. அமெரிக்காவிலோ கருவியிலிருந்து மூன்று மீற்றர் தூரத்தில் அலைப்புலம் மீற்றருக்கு 250 மைக்ரோவோல்ற்றை மீறலாகாது என்பது விதி. இரு நாடுகளும் வெவ்வேறு அளவுகோலைக் கொண்டு ஒரே கருத்தையே கூறுகின்றன: உன் பாட்டு உன் வண்டியோடு நிற்கட்டும்.

இக்கருத்து நியாயமானது. அலைவரிசை என்பது ஒரு நாட்டு மக்கள் யாவருக்கும் பொதுவான சொத்து. நிலத்துக்கு வேலியடைக்கலாம், அலைக்கு வேலி கிடையாது. அளவு மீறிய வலுவுடைய கருவியை ஒருவர் தம் வண்டியிற் செருகினால், பக்கத்து வண்டியிற் செய்தி கேட்டுக்கொண்டிருப்பவரின் பெட்டியை அது பறித்துக்கொள்ளும். முன் சொன்ன இயல்பின்படி, அவருடைய பெட்டி வலிய அலையையே பற்றும். அவர் கேட்டுக்கொண்டிருந்தது வெள்ள எச்சரிக்கையாகவும் இருக்கலாம். மேலும், 108 மெகாஹேட்சுக்குச் சற்று மேலே உள்ள அலைவரிசை, விமானங்கள் வழியறிவதற்கும் ஓடுபாதையை நேர்கோட்டில் அணுகுவதற்கும் உரியது. செம்மையாகச் செய்யப்படாத மலிவுக் கருவி, தனக்கு உரிய எண்ணை விட்டு அயல் எண்களிலும் அலையைச் சிந்தக்கூடும். ஆகவே ‘பத்து வீடு தள்ளியும் கேட்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் கருவியை வாங்காது விடுவதே நற்குடிமகனின் கடன். மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிதென்பர். இக்கருவிக்கோ அதன் சிறுமையே கீர்த்தி.

சாரதியின் கண்கள்

சட்டத்தினும் பெரிய கடமை ஒன்று உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் ஏறத்தாழப் பதினேழு மீற்றர் ஓடுகின்றது. அடுத்த பாட்டைத் தேடச் சாரதி இரண்டு விநாடி தலைகுனிந்தால், முப்பத்துமூன்று மீற்றர் தூரம் வண்டி குருடாக ஓடியிருக்கும். அத்தூரத்துக்குள் மாடும் குறுக்கிடலாம். மிதிவண்டியில் பள்ளிப் பிள்ளையும் குறுக்கிடலாம். எண்ணை மாற்றுவதும் பாட்டைத் தெரிவதும் பக்கத்தில் இருப்பவரின் பணி. சாரதி தனியே செல்வாராயின், புறப்படுமுன்பே பாட்டுக்களை வரிசைப்படுத்திவிடவேண்டும். எண்ணை மாற்றவேண்டுமானால் வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டும். கரகரப்பைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்வதால் ஒருவருக்கும் கேடில்லை.

கருவியைப் பற்றியும் இரண்டொரு சொல். மோட்டார்க் கார்களின் குழியிலே 12 வோல்ற்று மின்னழுத்தமும், பெரிய லொறிகளில் 24 வோல்ற்றும் இருக்கும். இரண்டையும் தாங்குமென எழுதப்படாத கருவியை லொறியிற் செருகலாகாது. சில வண்டிகளில் திறப்பை எடுத்த பின்னரும் குழியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். இறங்கும்போது கருவியைக் கழற்றிவிட்டால் பற்றறி நலியாது. தொட முடியாதபடி சூடேறும் கருவியை உடனே கைவிடுக.

புதிய வண்டிகளிலே புளூடூத் முறை கூடவே வருவதால், இக்கருவியின் தேவை படிப்படியாகக் குறைந்துவருகின்றது. ஆயினும் பழைய வண்டிகள் நமது வீதிகளில் இன்னும் பல்லாண்டு ஓடும். வண்டிக்குள் ஒவ்வொருவரும் தத்தம் செவியில் தனிக் கருவியைச் செருகிக்கொண்டு மௌனமாகச் செல்வதைவிட, ஒரே பாட்டை எல்லோரும் கேட்டு, அம்மப்பா பழைய கதை சொல்லவும் பிள்ளைகள் கேலி செய்யவும் இடம் கொடுக்கும் பயணம் நல்லதல்லவா? அந்த வாய்ப்பைச் சிறு செலவில் தருவதற்காகவே இக்கருவியை நான் மதிக்கிறேன்.

இறுதியாக, மாணவர்களுக்கு ஒரு பரிசோதனை. வீட்டில் இக்கருவி இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையுடன், நிறுத்தி வைத்த வண்டியில் வெற்றிடம் ஒன்றில் அதனைப் பாடவிடுக. எப்.எம். வசதியுள்ள சிறிய கை வானொலியை அதே எண்ணுக்கு அமைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து மெல்ல விலகி நடந்து செல்க. பாட்டு மறையும் இடம் வரை எத்தனை அடி நடந்தீர்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்க. வண்டியின் நான்கு பக்கமும் இவ்வாறு நடந்து, படமொன்று வரைந்தால், உங்கள் நிலையத்தின் ஆட்சி எல்லை கண்முன்னே தெரியும். எல்லாப் பக்கமும் அது சமமாக இராது. ஏன் என்று சிந்திக்க. எல்லை உங்கள் முற்றத்துக்குள் அடங்கினால் கருவி நல்லது. அயல்வீட்டு மதிலைத் தாண்டியும் பாட்டுத் தெளிவாகக் கேட்குமாயின், அந்தக் கருவியை மறுபடி செருகவேண்டாம் என்று வீட்டாரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.